"அண்ணே, சைட் திறக்கலைண்ணே": அறிகுறியைக் கேட்டு சர்வரைச் சரிசெய்வது

தை பிறந்தால் நான் பழநிக்கு நடக்கிறவன். குன்றக்குடியில் காவடியோடு புறப்பட்டுவிட்டால் அப்புறம் லேப்டாப் கிடையாது, காலில் கொப்புளமும் பையில் ஒரு போனும்தான். ஊர்ப்பக்கத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் நாலு. காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை, ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வளவு வீட்டை விடுதியாக்கி அறை வாடகைக்கு விடுகிற ஒருவர், அப்புறம் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு குடும்பம். நாலுமே அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், மும்பை ரீஜனில் ஓடுகிற சின்ன லினக்ஸ் இயந்திரங்கள். நான் நடக்கிற நாட்களில் இவற்றுக்குக் காவல் தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன்.

ஒரு வருடம் பாதி வழியில் கூப்பிட்டான். "அண்ணே, சைட் திறக்கலைண்ணே." என்னடா வருது என்றேன். "ஒண்ணும் வரலைண்ணே." ஒண்ணும் வரலைன்னா வெள்ளையா நிக்குதா, சுத்திக்கிட்டே இருக்கா, ஏதாவது நம்பர் காட்டுதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "ரீஸ்டார்ட் பண்ணிட்டேண்ணே, இப்ப வருது" என்றான். அந்த "இப்ப வருது"தான் வினை. எதனால் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, அன்று ராத்திரியே இன்னும் இரண்டு தடவை விழுந்தது. திரும்பி வந்ததும் அவனுக்காக எழுதிய குறிப்புதான் இது, கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கட்டளைகளை நான் போனில் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்கு எது எது என்று புரிந்துவிடும். கோடு, சாய்கோடு, புள்ளி எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் தனியாகச் சொல்வேன்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு வரி, இதை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்:

```
(அப்டைம்; ஃப்ரீ -எம்; டிஎஃப் -எச்; ஜர்னல்சிடிஎல் -என் 300) > ~/விழுந்தபோது.டெக்ஸ்ட்
```

பத்து விநாடி கூட ஆகாது. ரீஸ்டார்ட் செய்தால் அந்த நேரத்து மெமரி நிலை போய்விடும், ஆப்பை டாக்கர் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டுகிறவர்கள் அந்தக் கண்டெய்னரை அழித்து மறுபடி எழுப்பினால் அதன் பழைய லாக்கும் சேர்ந்து போய்விடும். அப்புறம் சாமி வந்து சொன்னால்தான் உண்டு.

502 என்று வருகிறது

பிரவுசரில் 502 என்ற பிழை எண் வந்தால், வாசலில் நிற்கும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கிற உங்கள் ஆப் செத்துவிட்டது என்று அர்த்தம். முகப்பில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், இரண்டாம் கட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. அதனால் எஞ்சின்எக்ஸை நோண்ட வேண்டாம், ஆப்பைப் பாருங்கள்:

```
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டைல்ஸ்ஆப்
ஜர்னல்சிடிஎல் -யு டைல்ஸ்ஆப் -என் 50
சூடோ டிமெஸ்ஜி -டி | கிரெப் -ஐ கில்டு
```

மூன்றாவது வரியில் -டி பெரிய எழுத்து, அதைப் போட்டால்தான் நேரம் மனிதனுக்குப் புரிகிற மாதிரி வரும். அந்த வரி எதையாவது காட்டினால் மெமரி தீர்ந்துபோய் கெர்னலே உங்கள் ஆப்பைக் கொன்றிருக்கிறது. டாக்கரில் ஓடுகிறதென்றால் வெளியேறிய எண் 137 என்று இருக்கும், அதாவது 128-உம் 9-உம் கூட்டியது. 9 என்பது கில் சிக்னலின் எண்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் இது நடந்த விதம் வேடிக்கை. முதலாளி புது டிசைன்களை வெயிலில் பரப்பி வைத்து போனில் 30 படம் எடுத்து ஒரே மூச்சில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு படமும் 4 எம்பிதான், எல்லாம் சேர்த்து 120 எம்பி, இதுக்கா விழும் என்று தோன்றும். ஆனால் ஜேபெக் என்பது மடித்து வைத்த சேலை. அளவு குறைக்க ஆப் அதைத் திறந்து விரிக்கும்போது 4000-க்கு 3000 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், ஆக ஒரு படம் 36 எம்பி. முப்பதையும் ஒரே நேரத்தில் விரித்தால் 1080 எம்பி. இயந்திரத்தில் இருந்ததோ மொத்தமே 1 ஜிபி.

சரியான வைத்தியம், படங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக விரிப்பது. அதை எழுதி முடிக்கும்வரை தாக்குப்பிடிக்க ஸ்வாப், அதாவது மெமரி போதாதபோது டிஸ்கில் கடன் வாங்கும் இடம்:

```
சூடோ எஃப்அலோகேட் -எல் 2ஜி /ஸ்வாப்ஃபைல்
சூடோ சிஎச்மோட் 600 /ஸ்வாப்ஃபைல்
சூடோ எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்
சூடோ ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்
எக்கோ '/ஸ்வாப்ஃபைல் நன் ஸ்வாப் எஸ்டபிள்யூ 0 0' | சூடோ டீ -ஏ /இடிசி/எஃப்எஸ்டேப்
```

கடைசி வரியில் அந்த -ஏ-வை மறக்கவே கூடாது. மறந்தால் டீ கட்டளை எஃப்எஸ்டேப் கோப்பில் ஏற்கெனவே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் எழுதும், அடுத்த ரீபூட்டில் தெரியும் சேதி. போனில் சொல்லும்போது இந்த இடத்தில் மட்டும் "ஏ போட்டியா" என்று இரண்டு தடவை கேட்பேன்.

504 வந்தால் வேறு கதை: ஆப் சாகவில்லை, யோசித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் டேட்டாபேஸ் கேள்வி ஒன்று இண்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் தடவிக்கொண்டிருக்கும். 413 வந்தால் ஏற்றுகிற கோப்பு பெரிது, எஞ்சின்எக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான், இன்றைய போன் படத்துக்கு அது எந்த மூலைக்கு. சர்வர் பிளாக்குக்குள் இதைப் போட்டு ரீலோட் செய்தால் போதும்:

```
கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 20எம்;
```

டிஸ்கில் இடம் இல்லை என்கிறது

இது நேராக வராது, வேறு வேறு வேஷத்தில் வரும். ஆர்டர் பதிவாகவில்லை, லாகின் ஆகவில்லை, டேட்டாபேஸ் எழுந்திருக்கவில்லை. அதனால் என்ன புகார் வந்தாலும் நான் முதலில் தட்டச் சொல்வது டிஎஃப் -எச் தான். 100 சதவீதம் என்று தெரிந்துவிட்டால் எங்கே போனது என்று தேட:

```
சூடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்
```

கடைசியில் வருகிற வரிதான் பெரிய தீனிக்காரன். அந்த ஃபோல்டரைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள், இப்படியே இரண்டு மூன்று தடவை இறங்கினால் ஆள் அகப்படுவான். என் அனுபவத்தில் பத்தில் எட்டு தடவை லாக்தான். சிஸ்டம் ஜர்னல் என்றால்:

```
சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்
```

200-க்குப் பின்னால் வரும் எம் பெரிய எழுத்து. டாக்கர் என்றால் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும். கண்டெய்னர் வாயால் பேசுவதை எல்லாம் டாக்கர் ஒரு ஜேசன் கோப்பில் எழுதிக்கொண்டே போகும், இயல்பாக அதற்கு வரம்பே கிடையாது. விடுதி சர்வரில் ஒரே ஒரு லாக் கோப்பு 11 ஜிபி இருந்தது, யாரோ டீபக் மோடை அணைக்காமல் விட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். இடிசிக்குள் இருக்கும் டாக்கர் ஃபோல்டரில் டீமன்.ஜேசன் கோப்பில் இதைப் போட்டு வையுங்கள்:

```
{ "லாக்-டிரைவர்": "ஜேசன்-ஃபைல்",
  "லாக்-ஆப்ட்ஸ்": { "மேக்ஸ்-சைஸ்": "10எம்", "மேக்ஸ்-ஃபைல்": "3" } }
```

போட்டுவிட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்தும் ஒன்றும் மாறவில்லையே என்று முழிப்பவர்களுக்கு: இது புதிதாகப் பிறக்கும் கண்டெய்னருக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஓடுவதை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

பழைய இமேஜ்களைக் கழிக்க டாக்கர் சிஸ்டம் புரூன் -ஏ. நின்றுபோன கண்டெய்னர்களும் இதில் போய்விடும், அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அதோடு --வால்யூம்ஸ் என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் தள்ளிப் போங்கள், வால்யூமில்தான் உங்கள் டேட்டாபேஸ் குடியிருக்கும்.

இப்போது தம்பியைப் பைத்தியமாக்கிய ஒன்று. ஓடிக்கொண்டிருந்த ஆப்பின் 6 ஜிபி லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழித்துவிட்டான், எல்எஸ் அடித்தால் கோப்பு இல்லை, ஆனால் டிஎஃப் இன்னமும் 100 சதவீதம் என்கிறது. "அண்ணே, பேய் பிடிச்சிருக்கு." பேய் இல்லை. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றியாகிவிட்டது, குடியிருக்கிற ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புரோசஸ் விடும்வரை இடம் திரும்பாது. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க:

```
சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1
```

எல் பெரிய எழுத்து, அதற்கு அடுத்தது எண் ஒன்று. அகப்பட்ட சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அடுத்த தடவை ஓடுகிற லாக்கை அழிக்காதீர்கள், காலி மட்டும் செய்யுங்கள்:

```
சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 /வார்/லாக்/ஆப்.லாக்
```

இன்னொன்று, இடம் 40 சதவீதம் காலியாக இருக்கும், ஆனாலும் இடமில்லை என்றே சொல்லும். டிஎஃப் -ஐ அடித்துப் பாருங்கள், ஐநோடு தீர்ந்திருக்கும். பெட்டகத்தில் இடம் இருக்கிறது, பேரேட்டில் எழுத வரி இல்லை. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் சேர்ந்தால் இப்படி ஆகும். சேலைக் கடையில் பிஎச்பி செஷன்கள், ஒரு வாரத்துக்கு மேல் பழையதை இப்படிக் கழித்தோம்:

```
சூடோ ஃபைண்ட் /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ் -டைப் எஃப் -எம்டைம் +7 -டிலீட்
```

முதல் தடவை -டிலீட் இல்லாமல் ஓட்டி என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த -டிலீட் வரியின் கடைசியில்தான் இருக்க வேண்டும், முன்னால் போட்டால் வடிகட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

உண்மையிலேயே இடம் போதவில்லை என்றால் கன்சோலில் வால்யூமைப் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் மட்டும் போதாது, உள்ளேயும் சொல்ல வேண்டும்:

```
சூடோ குரோபார்ட் /டெவ்/என்விஎம்இ0என்1 1
சூடோ ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/என்விஎம்இ0என்1பி1
```

எக்ஸ்டி4 வகைக்கு இது, எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவது வரிக்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் /. டிஸ்கின் பெயர் உங்களுக்கு வேறாக இருக்கலாம், எல்எஸ்பிஎல்கே அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கிய வால்யூமைச் சிறிதாக்க முடியாது என்பதால் எட்டு ஜிபியை நூறாக்கிவிடாதீர்கள்.

உள்ளேயே நுழைய முடியவில்லை

தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச் என்ன சொல்லி விரட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது, அதைப் படிக்காமலே "போகலைண்ணே" என்பான் தம்பி.

டைம்அவுட் என்றால் வாசல் வரைக்குமே போகவில்லை. யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலான செக்யூரிட்டி குரூப்பில், எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட் உங்கள் பழைய ஐபிக்குத் திறந்திருக்கும், வீட்டு ரவுட்டர் ராத்திரி அணைந்து எழுந்ததில் ஐபி மாறியிருக்கும். ரெஃப்யூஸ்டு என்றால் இயந்திரம் பதில் சொல்கிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. பெர்மிஷன் டினைடு என்றால் சாவியோ பெயரோ தப்பு. உபுண்டு இயந்திரத்துக்கு உபுண்டு என்ற பெயரில் போக வேண்டும், அமேசான் லினக்ஸுக்கு ஈசி2-யூசர். சாவிக் கோப்பு எல்லோரும் படிக்கும்படி கிடக்கிறது என்று பெரிய எழுத்தில் திட்டினால் சிஎச்மோட் 400 சாவி.பெம். எதுவும் புரியவில்லை என்றால் எஸ்எஸ்எச் -வி போட்டு எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஐபி மாறுகிற தொல்லைக்காக 22-ஐ உலகத்துக்கே திறந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் போர்ட்டையே மூடிவிட்டு ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜர் வழியாகப் போகிறேன். இயந்திரத்தில் ஏஜெண்டும் அதற்கான அனுமதியான ஐஏஎம் ரோலும், நம் பக்கத்தில் செஷன் மேனேஜர் பிளகினும் இருந்தால் போதும்:

```
ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்எம் ஸ்டார்ட்-செஷன் --டார்கெட் <இன்ஸ்டன்ஸ் எண்>
```

பாதுகாப்பு இல்லை என்று பிரவுசர் பயமுறுத்துகிறது

சான்றிதழ் காலாவதி. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள். முன்பெல்லாம் தீரப்போகிறது என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள், மெயில் வரும் என்று உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர்தான் வந்து சொல்வார். உண்மையில் எந்தத் தேதியில் தீர்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க:

```
எக்கோ | ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -சர்வர்நேம் <டொமைன்> -கனெக்ட் <டொமைன்>:443 | ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -டேட்ஸ்
```

இங்கே பழைய தேதி, சர்வருக்குள், சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட்டில், செர்ட்பாட் சர்டிஃபிகேட்ஸ் அடித்தால் புதிய தேதி என்றால், சான்றிதழ் புதுப்பித்தாகிவிட்டது, எஞ்சின்எக்ஸ் மட்டும் பழையதையே கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. ரீலோட் செய்தால் தீர்ந்தது. இனி புதுப்பிக்கும்போதே ரீலோடும் சேர்ந்து நடக்க:

```
சூடோ செர்ட்பாட் ரின்யூ --டெப்ளாய்-ஹுக் "சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஞ்சின்எக்ஸ்"
```

இரண்டு இடத்திலும் பழைய தேதி என்றால் புதுப்பிப்பதே தோற்கிறது. --டிரை-ரன் போட்டு ஓட்டிக் காரணம் பாருங்கள். பெரும்பாலும், பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ 80-ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள், சோதனை அந்த வழியாகத்தான் வரும். டிரை-ரன் இல்லாமல் கோபத்தில் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தருவார்கள்.

காலையில் வர வேண்டியது மத்தியானம் வருகிறது

பலகாரக் கடை ஆச்சிக்குக் காலை ஆறு மணிக்கு முந்தின நாள் கணக்கு போனில் வந்துவிட வேண்டும். அவர்கள் வீட்டு ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து ஐந்தொகை வரக் காத்திருந்தார்களாம், இவருக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுகிற கிரானில் நான் ஆறு மணி என்று போட்டேன், வந்தது பதினொன்றரைக்கு. "தம்பி, முறுக்கு மாவு பிசைஞ்சு முடிச்சப்புறம் எத்தனை முறுக்குன்னு சொன்னா எப்படி?" சர்வர் கடிகாரம் யுடிசியில் ஓடுகிறது, நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆறு மணிக்கு வேண்டுமென்றால் 00:30 என்று போட வேண்டும்:

```
30 0 * * * /ஹோம்/உபுண்டு/கணக்கு.எஸ்எச் >> /ஹோம்/உபுண்டு/கணக்கு.லாக் 2>&1
```

டைம்டேட்சிடிஎல் வைத்து சர்வரையே இந்திய நேரத்துக்கு மாற்றலாம், பலர் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. நாலு சர்வர் லாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஒரே கடிகாரத்தில் இருந்தால்தான் தலை சுற்றாது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, கிரானுக்குத் தெரிந்த பாத் மிகச் சின்னது, அதனால் நோட், பைத்தான் எல்லாவற்றுக்கும் முழு முகவரி கொடுங்கள். இரண்டாவது சதவீதக் குறி. கிரான்டேபில் அந்தக் குறி வந்தால் வரி அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். தேதி போட்டு பேக்கப் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள். அதற்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும்: டேட் +\%எஃப், இதில் எஃப் பெரிய எழுத்து.

என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் எக்ஸெக் ஃபார்மட் எரர்

புது மேக்கில் கட்டிய இமேஜ், ஆர்ம் சிப்புக்கானது. சர்வர் இன்டெல் அல்லது ஏஎம்டி.

```
டாக்கர் பில்ட்எக்ஸ் பில்ட் --பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 -டி டைல்ஸ்ஆப் .
```

இவ்வளவுதான். இதற்கெல்லாம் ஏன் கண்டெய்னர்களைக் கூட்டமாக மேய்க்கும் குபர்னட்டிஸ் வைக்கக் கூடாது என்று தம்பி கேட்டான். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டுக்குக் கல்யாணச் சமையல் கோஷ்டியைக் கூட்டி வந்த மாதிரி ஆகும், வேண்டாம்.

எழுதிய புரோகிராம் காணாமல் போய்விட்டது

புரோகிராமின் பழைய பதிப்புகளைக் காக்கும் கிட்டில், கிட் ரீசெட் --ஹார்டு அடித்துவிட்டு அழுகிறவர்களுக்கு. கமிட் செய்திருந்தால் அது எங்கேயும் போகவில்லை.

```
கிட் ரெஃப்லாக்
கிட் பிராஞ்ச் மீட்பு <பழைய கமிட் எண்>
```

எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டை ரெஃப்லாக் இயல்பாக 30 நாள் வரை நினைவு வைத்திருக்கும். கமிட்டே செய்யாதது போனது போனதுதான், ஒருமுறையாவது கிட் ஆட் செய்திருந்தால் மட்டும் கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட் போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

ரகசியச் சாவியை கமிட் செய்து வெளியே தள்ளிவிட்டீர்களா? முதல் வேலை கன்சோலுக்குப் போய் அந்தச் சாவியைச் செல்லாததாக்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒன்றும் புதிதாக வைக்கவில்லை, பில் ஏறுகிறது

2024 பிப்ரவரி முதல் ஏடபிள்யூஎஸ்ஸில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். மாதத்துக்கு 3.6 டாலர் வரும். அதோடு, அழித்த இயந்திரத்தின் டிஸ்க்குகள் சில சமயம் தனியாகக் கிடந்து வாடகை தின்னும்:

```
ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-வால்யூம்ஸ் --ஃபில்டர்ஸ் நேம்=ஸ்டேட்டஸ்,வேல்யூஸ்=அவைலபிள்
```

நேம், வேல்யூஸ் இரண்டுக்கும் முதல் எழுத்து பெரியது. இது ஒரு ரீஜனை மட்டும்தான் பார்க்கும். என்னைக்கோ சோதனைக்காக வேறு ரீஜனில் திறந்தது ஏதாவது இருந்தால் --ரீஜன் போட்டு அங்கேயும் பாருங்கள்.

தமிழ் எழுத்து கெட்டுப்போய் வருகிறது

இதைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பது குறைவு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கெடுவதில் இரண்டு வகை. தலையில் கோடு போட்ட ஒரு ஐரோப்பிய எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தால் பதற வேண்டாம், தரவு பத்திரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம், படிக்கிறவர் தப்பான கண்ணாடி போட்டிருக்கிறார். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதனால்தான் அந்த ஒரே எழுத்து திரும்பத் திரும்பத் தலை காட்டுகிறது. இணைப்பின் கேரக்டர் செட்டைச் சரிசெய்தால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் டேபிளுக்குள்ளேயே வரிசையாகக் கேள்விக்குறி என்றால் எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது, பேக்கப்தான் கதி.

மூன்றாவதாக ஒரு விசித்திரம்: தமிழ் நன்றாக ஏறும், வாடிக்கையாளர் ஒரு கும்பிடு எமோஜி போட்டால் மட்டும் ஆர்டரே விழாது, பிழை 1366. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 என்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் மூன்றுக்குள் அடங்கிவிடும், எமோஜிக்கு நாலு வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு:

```
ஆல்டர் டேபிள் ஆர்டர்கள் கன்வர்ட் டு கேரக்டர் செட் யுடிஎஃப்8எம்பி4 கொலேட் யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ;
```

கடைசியாக, என்னை மூன்று நாள் தூங்கவிடாத அறிகுறி. ஆச்சி போன் செய்தார். "தம்பி, மனகோலம்னு தேடினா இல்லைங்குது. கடையில தட்டு நிறைய இருக்கு." திறந்து பார்த்தால் டேபிளில் மனகோலம் இருக்கிறது, தேடலில் நான் அடிப்பதும் மனகோலம், கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. பைத்தானில் இரண்டையும் ஒப்பிட்டால் ஃபால்ஸ். நீளத்தைப் பார்த்தேன், ஒன்று 7, இன்னொன்று 8.

விஷயம் என்னவென்றால் 'ோ' என்ற குறிக்கு யூனிகோடில் ஒற்றை எண் உண்டு, அதையே 'ே' ஒன்று, 'ா' ஒன்று என இரண்டு எண்ணாகவும் எழுதலாம். 'ொ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதை. திரையில் எல்லாம் ஒன்றாகவே தெரியும். பலகாரப் பட்டியலை அடித்துக் கொடுத்தவர் பயன்படுத்திய பழைய மென்பொருள் உடைத்து எழுதியிருக்கிறது, போன் கீபோர்டு சேர்த்து எழுதுகிறது. மனகோலமும் கொழுக்கட்டையும் காணாமல் போய், தேன்குழலும் அதிரசமும் மட்டும் சரியாக அகப்பட்ட மர்மம் அதுதான். அவற்றில் இந்தக் குறிகள் கிடையாது. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும், தேடல் சொல்லையும் இதில் ஒருமுறை நனைத்து எடுங்கள்:

```
இம்போர்ட் யூனிகோட்டேட்டா
பெயர் = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", பெயர்.ஸ்ட்ரிப்())
```

என்எஃப்சி என்பது சேர்த்து எழுதும் வடிவம், பைத்தானில் மூன்று எழுத்தும் பெரிய எழுத்து. ஏற்கெனவே டேபிளில் இருப்பதற்கு, போஸ்ட்கிரெஸ் 13 முதல் டேட்டாபேஸிலேயே வழி இருக்கிறது:

```
அப்டேட் பலகாரம் செட் பெயர் = நார்மலைஸ்(பெயர், என்எஃப்சி)
வேர் பெயர் இஸ் நாட் என்எஃப்சி நார்மலைஸ்டு;
```

ஓட்டினேன், மனகோலம் வந்தது. மறுநாளே ஆச்சி மறுபடி. "கௌனி அரிசி வரலை தம்பி." கவுனி என்றும் எழுதுவார்கள், கௌனி என்றும் எழுதுவார்கள், சரி, அது வேறு சிக்கல் என்று நினைத்தேன். பார்த்தால் பட்டியலில் இருந்தது கெளனி. 'கௌ' இல்லை, 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே வைத்திருக்கிறார்கள். இதை எந்த நார்மலைசேஷனும் தொடாது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை 'ள' தனி எழுத்து, அதில் தப்பே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது, வெள்ளரியும் தெளிவும் சேர்ந்து கெட்டுப்போகும். ஆனால் அவற்றில் 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வருகிறது. கெளனி, மெளனம், வெளவால் மாதிரி பிழைகளில் 'ள'வுக்குப் பின் நேராக அடுத்த எழுத்து வந்துவிடும். அதைப் பிடித்துப் பட்டியல் எடுத்து, கண்ணால் பார்த்து, கையால் திருத்தினேன்:

```
செலக்ட் ஐடி, பெயர் ஃப்ரம் பலகாரம் வேர் பெயர் ~ 'ெள[க-ஹ]';
```

இதை மாதம் ஒருமுறை கிரானில் விட்டு வைத்திருக்கிறேன், யுடிசி கணக்கில்தான். போன மாதம் இரண்டு கெளனி அகப்பட்டது, இரண்டுமே தம்பி சேர்த்தது.